குளியலறைப் போத்தல்களும் வீட்டுப் பூனையும்: எது நஞ்சு, ஏன் நஞ்சு, என்ன செய்யலாம்

எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் பூனை போன வருடம் செத்துப்போனது. நாய் கடித்த காயத்தோடு வந்த பூனையை, காயம் புழுத்துவிடக் கூடாதென்று கிருமிநாசினி கலந்த தண்ணீரில் குளிக்க வார்த்திருக்கிறார். பின்னேரம் பூனை வாயால் வீணீர் வடித்து, நிற்க முடியாமல் தள்ளாடியது. அடுத்த நாள் விடியுமுன் முடிந்துவிட்டது. "மனுசர் காயத்துக்குப் பூசிறதுதானே பிள்ளை, அது பூனைக்கு என்ன செய்யுமெண்டு நான் நினைக்கேல்லை" என்று பலமுறை சொன்னார். மூத்த மகன் 2009 இல் காணாமல் போனவர். மகள் வெளிநாட்டில். அந்த வீட்டில் அவர் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் உயிர் என்று அந்தப் பூனை ஒன்றுதான் இருந்தது.

இப்படியான வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளம். பிள்ளைகள் வெளியில், அல்லது இல்லை. ஒரு பூனை, சில கோழிகள், பின்வளவில் ஒரு முருங்கை. பூனை செத்தால் "பூனைதானே" என்று மற்றவர்கள் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அந்த வீட்டில் இருப்பவருக்கு அது அப்படியல்ல. அதுவும் தன் கையாலேயே நடந்துவிட்டது என்று தெரியவரும்போது இன்னும் கனம். இந்தக் கட்டுரையில் சொல்லப்படுபவை பெரும்பாலும் சின்ன விடயங்கள். ஆனால் யாரும் நமக்குத் தமிழில் எழுதித் தராத விடயங்கள்.

குளியலறை வீட்டுக்குள் வந்த கதை

நம் பழைய வீடுகளில் மலசலகூடம் பின்வளவின் ஒரு மூலையில் தனியாக நின்றது. குளிப்பு கிணற்றடியில். பாத்திரம் துலக்கச் சாம்பலும் பொச்சும் பழப்புளியும். பூனை அங்கே போய் நக்கிச் சாவதற்கு எதுவும் இருக்கவில்லை. போருக்குப் பின்னர் எழுந்த வீடுகளில், அது வீட்டுத்திட்ட வீடாக இருந்தாலும் வெளிநாட்டுக் காசில் கட்டிய மாடி வீடாக இருந்தாலும், குளியலறையும் மலசலகூடமும் வீட்டோடு ஒட்டியோ வீட்டுக்குள்ளேயோ வந்துவிட்டன. நிலத்துக்கு மாபிள் வந்தது. மாபிளுக்கு ஒரு போத்தல், கொமட்டுக்கு ஒரு போத்தல், சுவருக்கு ஒரு போத்தல், மணத்துக்கு ஒரு உருண்டை என்று வரிசையாக வந்து சேர்ந்தன.

பூனையும் அங்கேதான் போகிறது. அதற்குக் காரணம் உண்டு. வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் குளியலறை மாபிள்தான். வளவில் தண்ணீர் வற்றிவிட்ட ஆவணி மாதத்தில் அங்கே வாளியில் தண்ணீர் இருக்கிறது, குழாய் சொட்டுகிறது. ஆகவே நஞ்சைப் பற்றிப் பேசுமுன்னர் செய்யவேண்டிய முதல் வேலை, பூனைக்குக் குசினியிலோ விறாந்தையிலோ அகலமான ஒரு கோப்பையில் தினமும் புதுத் தண்ணீர் வைப்பது. தண்ணீர் தேடிக் குளியலறைக்குப் போகும் பூனைகளில் அரைவாசிக்கு அந்தத் தேவை அதோடு போய்விடும் என்பது என் அனுபவம். வாளிகளை மூடியோ கவிழ்த்தோ வையுங்கள். உடுப்பு ஊறவைத்த வாளியில் குட்டி விழுந்து சாவது கிராமங்களில் நாம் கேள்விப்படாத ஒன்றல்ல.

பூனையின் ஈரலில் இல்லாதது

மனிதருக்கும் நாய்க்கும் ஆபத்தில்லாத அளவு பூனைக்கு மட்டும் ஏன் நஞ்சாகிறது? இதை விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் தன்பாட்டில் விளங்கும்.

உடலுக்குள் போகும் பல இரசாயனங்களை ஈரல் ஒரு வகைச் சர்க்கரையோடு ஒட்டி, தண்ணீரில் கரையக்கூடியதாக மாற்றி, சிறுநீரோடு வெளியே அனுப்புகிறது. இந்த ஒட்டும் வேலையைச் செய்வது ஒரு நொதியக் குடும்பம். அதில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் பரம்பரையலகு பூனையில் பழுதடைந்து செயலிழந்து கிடக்கிறது. 2000 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். 2011 இல் வெளியான இன்னோர் ஆய்வு, வீட்டுப் பூனையில் மட்டுமல்ல, பூனைக் குடும்பத்து விலங்குகள் எல்லாவற்றிலும் இந்தக் குறை இருப்பதைக் காட்டியது. காரணம் உணவு என்று கருதப்படுகிறது. இறைச்சி மட்டுமே தின்று வாழும் விலங்குக்குத் தாவரங்களில் உள்ள பீனோல் வகை நச்சுகளை உடைக்கும் தேவை வரவில்லை. தேவைப்படாத ஆயுதம் காலப்போக்கில் துருப்பிடித்துவிட்டது.

ஆகவே பீனோல் வகை இரசாயனங்கள், பரசிற்றமோல், அஸ்பிரின், பல வாசனைத் தைலங்கள் ஆகியவை பூனையின் உடலில் போகவேண்டிய வேகத்தில் போவதில்லை. நின்று வேலை செய்கின்றன. மனிதருக்குச் சில மணித்தியாலங்களில் குறைந்துவிடும் அஸ்பிரின் பூனையின் உடலில் நாட்கணக்கில் நிற்கும்.

இரண்டாவது காரணம் நாக்கு. பூனை போத்தலைக் கவிழ்த்துக் குடிப்பது அரிது. அது ஈர நிலத்தில் நடக்கிறது, போய் ஓரிடத்தில் இருந்து கால்களை நக்குகிறது. மேலில் பட்ட எதுவும் கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் போகும். அதனால்தான் "அது குடிக்கேல்லை, மேலிலதான் பட்டது" என்ற ஆறுதல் பூனை விடயத்தில் செல்லாது.

பாலாக மாறும் திரவங்கள்

தண்ணீரில் விட்டதும் வெள்ளையாகப் பால்போல் மாறும் கிருமிநாசினிகளைப் பார்த்திருப்பீர்கள். டெட்டோல் அவற்றில் நமக்கு மிகவும் பழக்கமானது. அதன் கிருமிகொல்லி குளோரொக்சைலினோல், மூலத் திரவத்தில் 4.8 வீதம். இது பீனோல் குடும்பத்தது. மனிதத் தோலுக்கும் வீட்டுச் சுத்தத்துக்கும் செய்யப்பட்ட பொருள், அதற்கு அது சரியானது. பூனைக்காகச் செய்யப்படவில்லை. பூனையைக் குளிப்பாட்ட, பூனைக் காயம் கழுவ, பூனை படுக்கும் துணியைக் கடைசித் தண்ணீரில் அலச இதைப் பாவிக்கக் கூடாது. ஐதாக்கினாலும் வேண்டாம்.

பினைல், தார் மணக்கும் கறுப்பு நிறக் கிருமிநாசினிகள், கொட்டிலுக்கும் மலசலகூடக் குழிக்கும் ஊற்றுபவை எல்லாம் இதே வகை, இன்னும் கடுமையானவை. ஆட்டுக்கொட்டிலுக்குத் தெளித்துவிட்டு அந்த ஈரத்தில் பூனை நடக்க விடுவதும் ஆபத்துத்தான்.

பூனையின் காயத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டு, அதாவது ஒரு போத்தல் தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி அளவில், சுத்தமான துணியால் ஒற்றிக் கழுவினால் போதும். மிச்சத்தை மிருக வைத்தியர் பார்ப்பார். நாய்க்கடிக் காயம் மேலே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். எப்படியும் மருந்து தேவைப்படும். விசர்நோய் பற்றிய கவனமும் தேவை. கடிபட்ட பூனையை வெறுங்கையால் பிடித்துக் கீறல் வாங்காதீர்கள், வாங்கினால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிலம் துடைக்கும் நிறத் திரவங்கள்

பூ மணம், தேசிக்காய் மணம் என்று கடைகளில் நிற்கும் நிலம் துடைக்கும் திரவங்கள் பலவற்றில் பென்சல்கோனியம் குளோரைட் என்ற பொருள் இருக்கும். ஈரமான நிலத்தில் நடந்து காலை நக்கிய பூனைக்கு உடனே ஒன்றும் தெரியாது. சில மணித்தியாலம் கழித்து, சிலவேளை அன்றிரவு, வாயால் நூல்போல் எச்சில் வடியும், சாப்பாட்டை மணந்துவிட்டு விலகும், வாயைக் காலால் தட்டும். நாக்கைப் பார்த்தால் சிவந்தோ புண்ணாகவோ இருக்கும். காய்ச்சலும் வரலாம். "பூனைக்குக் காய்ச்சல், சாப்பிடுதில்லை" என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் சில நாட்கள் உண்மையில் மாபிள் கழுவிய நாட்களாக இருக்கக்கூடும்.

வழி எளிது. போத்தலில் சொன்ன அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். கூட ஊற்றினால் கூடச் சுத்தம் என்பது நம்மவர்களின் நம்பிக்கை, காசுக்கும் நட்டம். கழுவியபின் ஒருமுறை வெறும் தண்ணீரால் அடித்து, தும்புத்தடியால் தள்ளி, காயும்வரை கதவைச் சாத்திவையுங்கள். காய்ந்த நிலத்தில் ஆபத்து மிகக் குறைவு.

அமிலமும் குளோரினும்

கொமட் கழுவும் நீலத் திரவங்களில் பெரும்பாலும் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. ஹார்பிக் போன்றவற்றில் ஏறக்குறைய 10 வீதம். தடிப்பான திரவம் என்பதால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊற்றிவிட்டு ஊறட்டும் என்று போகும்போது மூடியைப் போட்டுவிட்டுப் போங்கள், கதவையும் சாத்துங்கள். குந்து மலசலகூடத்துக்கு மூடி இல்லை. அங்கே கதவு மட்டும்தான் காவல்.

அடைப்பு எடுக்கப் போடும் கோஸ்டிக் சோடா அமிலத்தைவிட மோசமானது. அமிலம் பட்டவுடன் எரிவதால் விலங்கு விலகிவிடும். காரம் முதலில் அவ்வளவு நோகாது, ஆனால் ஆழமாக அரித்துக்கொண்டு போகும். தப்பிய பூனைகூடப் பிறகு தொண்டைக்குழாய் சுருங்கி விழுங்க முடியாமல் மெலிந்து போகலாம்.

குளோரின் நமக்குப் புதிதல்ல. கிணற்றுக்கும் முகாம் தாங்கிக்கும் போட்ட குளோரின் தூளின் மணம் மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு மறக்காது. வெள்ளத்துக்குப் பின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் போட்ட கிணற்றுத் தண்ணீரைப் பூனை குடிக்கலாம், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. பயப்படவேண்டியது தூள் இருக்கும் பையும், வெண்மையாக்கும் திரவப் போத்தலும். சில பூனைகளுக்குக் குளோரின் மணம் ஒரு வகை மயக்கம் தரும். அந்த இடத்தில் உருளும், நக்கும். ஆகவே "மணத்துக்குக் கிட்டவும் போகாது" என்று நம்பியிருக்க முடியாது.

இங்கே மனிதருக்கும் சேர்த்து ஒன்று சொல்லவேண்டும். அமிலக் கழுவியையும் குளோரின் திரவத்தையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு வரும். வினாகிரியோடு கலந்தாலும் வரும். கதவு பூட்டிய சிறிய மலசலகூடத்தில் அது உங்களையே விழுத்தக்கூடியது. இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு தங்கும். பூனையின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான். அதேபோல், பூனை மூத்திரம் பெய்த மூலையில் நேராகக் குளோரின் திரவத்தை ஊற்றாதீர்கள். மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்து குளோரமைன் என்ற எரிச்சல் வாயு உண்டாகும். முதலில் நிறையத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவுங்கள். மூச்சு முட்டினால் வெளியே ஓடி நல்ல காற்றில் நில்லுங்கள். ஆளுக்கு மூச்சுத் திணறினால் 1990 அம்புலன்ஸ்.

வெள்ளை உருண்டை

அலுமாரிக்குள்ளும், கை கழுவும் தொட்டியிலும், சிறுநீர் கழிக்கும் இடத்திலும் போடும் வெள்ளை நப்தலின் உருண்டை பூனைக்குட்டிக்கு ஒரு பந்து. உருட்டி விளையாடும், கடிக்கும். பூனையின் செங்குழியங்களை அது உடைக்கும். முரசு வெளிறும் அல்லது மண்ணிறமாகும், சிறுநீர் கறுக்கும், வாய் அந்த மணம் மணக்கும். இதை விழுங்கிய பூனைக்குப் பால் கொடுக்கக் கூடாது. நஞ்சுக்குப் பால் என்பது நம் ஊர் வழக்கம்தான், ஆனால் நப்தலின் கொழுப்பில் கரைவது. பாலும் தேங்காய்ப்பாலும் அதை உடம்புக்குள் இன்னும் விரைவாக ஏற்றும்.

சிரங்கு மருந்தும் பேன் மருந்தும்

முகாம்களில் இருந்தவர்களுக்குச் சொறி சிரங்குக்குக் கழுத்திலிருந்து கால்வரை பூசச் சொல்லித் தரும் வெள்ளை லோஷன் நன்றாகத் தெரிந்திருக்கும். பென்சைல் பென்சோயேற் என்பது அதன் பெயர். இன்றும் பல வீடுகளில் அரைப் போத்தல் மிச்சம் இருக்கும். பூனைக்குச் சொறி வந்தால் அதை எடுத்துப் பூசுபவர்கள் இருக்கிறார்கள். மனிதச் சிரங்கும் பூனைச் சொறியும் பேன்போன்ற சிறிய உண்ணிகளால் வருவதுதான், யோசனை பிழையல்ல. ஆனால் இந்த மருந்து பூனைக்கு நஞ்சு. உடல் நடுங்கும், வலிப்பு வரும்.

மண்ணெண்ணெய் பூசுவதும் அப்படியே. தெள்ளு உடனே விழுவது உண்மை. தோல் வெந்துபோவதும், நக்கும்போது மண்ணெண்ணெய் சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியா ஆவதும் அதைப்போலவே உண்மை.

எல்லாவற்றிலும் வேகமாகக் கொல்வது பெர்மெத்ரின். மனிதருக்குத் தரும் சில சிரங்குக் கிறீம்களிலும் பேன் லோஷன்களிலும் இது உண்டு. நாய்த் தெள்ளுக்கு முதுகில் விடும் சில துளிமருந்துகளில் 45 முதல் 65 வீதம்வரை உண்டு. நாய்க்கு ஒன்றும் ஆகாது. பூனைக்கு விட்டால் சில மணித்தியாலத்தில் காது துடிக்கும், தசை நடுங்கும், பிறகு வலிப்பு. மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் இது வரலாம்.

இங்கேதான் வெளிநாட்டுப் பொதி வருகிறது. சம்பூ, கிறீம், பற்பசை, மணத்திரவம் இவற்றோடு "உங்கட நாய்க்குத் தெள்ளு எண்டீங்கள்" என்று ஒரு துளிமருந்துப் பெட்டியும் அனுப்பிவிடுகிறார்கள். பெட்டியில் எழுதியிருப்பது ஜேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜியன். "பூனைக்குப் பாவிக்கக் கூடாது" என்ற எச்சரிக்கையும் பூனைப் படத்தின் மேல் ஒரு கோடும் அதில் இருக்கும், வாசிக்கத்தான் ஆளில்லை. உள்ளூர்ப் போத்தல்களிலும் தமிழ் எழுத்து இருந்தால் எறும்பு அளவில் இருக்கிறது, பலவற்றில் இல்லவே இல்லை. இந்த நாட்டில் நமக்கு மொழி என்பது அரசியல் மேடை விவகாரம் மட்டுமல்ல, போத்தல் மூடிவரை வருகிற விவகாரம். அனுப்புபவர்கள் ஒரு வேலை செய்யலாம். பெட்டியின் மேல் பட்டை ஒட்டி, தடித்த பேனையால் தமிழில் "நாய்க்கு மட்டும்" என்று எழுதி அனுப்பலாம். இங்கிருப்பவர்கள் படம் எடுத்து அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று பேரப்பிள்ளையிடம் கேட்ட பிறகு திறக்கலாம்.

கண்ணாடி அலுமாரிக்குள் இருப்பவை

பனடோல் குளியலறைப் பொருளல்ல என்று நினைக்கலாம். ஆனால் அது பல வீடுகளில் பல்துலக்கிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. பூனைக்கு எந்த அளவிலும் பரசிற்றமோல் கொடுக்கக் கூடாது. அரைக் குளிசை, கால் குளிசை, பிள்ளைகளின் பாணி, எதுவும் வேண்டாம். ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே பூனைகளில் நஞ்சேறிய அறிகுறிகள் பதிவாகியுள்ளன. 4 கிலோ பூனைக்கு அது 40 மில்லிகிராம். ஒரு சாதாரண குளிசை 500 மில்லிகிராம். அதாவது ஒரு குளிசையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கே ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும். முரசு மண்ணிறமாகும், முகமும் முன்கால்களும் வீங்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

மூட்டு நோவுக்குப் பூசும் கிறீம்களும் கவனிக்கவேண்டியவை. முழங்காலில் பூசிக்கொண்டு இருக்கும்போது மடியில் வந்து படுக்கும் பூனை அதை நக்கும். அமெரிக்காவில் 2015 இல் இப்படியான ஒரு நோவுக் கிறீமை உரிமையாளர்கள் தங்கள் உடலில் பூசியதால் வீட்டுப் பூனைகள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்ததை அடுத்து, அந்நாட்டு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. கர்ப்பூரமும் யூக்கலிப்டஸும் சேர்ந்த தைலங்களும் பூனைக்கு ஒத்துவராது. பூசிய இடத்தைத் துணியால் மூடுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின் பூனையைத் தடவுங்கள்.

தாடி வளரவும் தலைமயிர் வளரவும் இளையவர்கள் இப்போது வாங்கும் மினொக்சிடில் திரவத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே நிற்கும். மிகச் சிறிய அளவு நக்கினாலே பூனையின் இதயம் பாதிக்கப்பட்டு சுவாசப்பையில் நீர் கட்டும். தலையணை உறையை நக்கியும் இது நடந்திருக்கிறது. தம்பிமாரிடம் சொல்லிவையுங்கள்.

போத்தலில் இல்லாத ஓர் ஆபத்தும் குளியலறையில் உண்டு. தலைமயிர் கட்டும் றப்பர் வளையம், பல்லிடை நூல், பூமாலை அவிழ்த்த நூல். பூனையின் நாக்கிலுள்ள முள்ளுகள் எல்லாம் உட்பக்கம் பார்த்தவை. வாய்க்குள் போன நூலைத் துப்ப அதனால் முடியாது, விழுங்கத்தான் முடியும். நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள். தொங்கும் நீளத்தை அப்படியே விட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

பட்டுவிட்டால்

முதலில் பூனையை அந்த இடத்திலிருந்து வெளியே எடுங்கள். மேலில் பட்டிருந்தால் நக்க விடாமல் ஒரு துவாயால் கழுத்துவரை சுற்றுங்கள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரால், பட்ட இடத்தை மட்டும் ஒரு பத்து நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். எண்ணெய்த் தன்மையான பொருள் என்றால் (தெள்ளு மருந்து, மண்ணெண்ணெய், தைலம்) பாத்திரம் கழுவும் மென்மையான திரவம் கொஞ்சம் சேர்க்கலாம். கழுவியபின் துடைத்துச் சூடாக வைத்திருங்கள், நனைந்த பூனை விரைவில் குளிர்ந்துவிடும். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரை மெதுவாக ஓடவிடுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பருக்குவது நம் ஊர்க் கை வைத்தியம். அது பூனைக்கு இன்னொரு நஞ்சு. அமிலமும் காரமும் போன வழியே திரும்பி வந்தால் தொண்டையை இரண்டாம் முறை எரிக்கும். வாயில் எதையும் பலவந்தமாக ஊற்றினால் சுவாசப்பைக்குள் போகும். எரிக்கும் திரவத்தை நக்கியது இப்போதுதான் என்றால், தானாக நக்கிக் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் வைக்கலாம், அவ்வளவுதான்.

முரசைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கினால் தெரியும். இளஞ்சிவப்பு நல்லது. வெளிறியோ, மண்ணிறமாகவோ, மஞ்சளாகவோ, நீலமாகவோ இருந்தால் பொறுத்திருக்க நேரமில்லை. நல்ல நாளில் ஒருமுறை உங்கள் பூனையின் முரசு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கறுத்த முரசுள்ள பூனைகளும் உண்டு.

எங்கே கொண்டுபோவது என்பதுதான் நம் பகுதிகளில் பெரிய சிக்கல். பிரதேச செயலகப் பிரிவுகளில் இருக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் என்றே பலர் நினைக்கிறார்கள். பூனையையும் பார்ப்பார்கள், தயங்காமல் போகலாம். ஆனால் சனி, ஞாயிறு, இரவு என்றால் கதவு பூட்டியிருக்கும். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு போன்ற நகரங்களில் தனியார் மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெரிய வசதிக்கு பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை உண்டு, வன்னியிலிருந்து நஞ்சு தின்ற பூனையோடு அவ்வளவு தூரம் போவது நடைமுறையில் கடினம். ஆகவே இன்றே உங்கள் பகுதி அலுவலகத்தின் இலக்கத்தையும், வேலை நேரத்துக்குப் பிறகு பேசக்கூடிய ஒரு வைத்தியரின் இலக்கத்தையும் கேட்டு வாங்கி, குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கண் மங்கியவர்கள் உள்ள வீடென்றால் பெரிய எழுத்தில்.

போகும்போது அந்தப் போத்தலையே எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது நாலு பக்கமும் படம் எடுங்கள். எவ்வளவு பட்டிருக்கும், எத்தனை மணிக்கு, பூனையின் எடை சுமாராக எவ்வளவு என்பதைச் சொல்லத் தயாராக இருங்கள். கூடு இல்லையென்றால் மூடியுள்ள ஒரு பிரம்புக் கூடையோ, ஓட்டை போட்ட காட்போட் பெட்டியோ போதும். உரப்பைக்குள் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், மூச்சுத் திணறும் பூனை அதற்குள்ளேயே செத்துவிடும்.

பனடோல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் அதை மறைக்காமல் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு "என்னவோ தின்றுவிட்டது" என்று சொல்பவர்களால் வைத்தியருக்கு மணித்தியாலங்கள் வீணாகின்றன. அதற்கு மாற்று மருந்து உண்டு. அசற்றைல்சிஸ்ரீன், மனிதருக்குப் பரசிற்றமோல் நஞ்சேறும்போது வைத்தியசாலைகளில் கொடுக்கும் அதே மருந்து. முதல் சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்தால் பூனை பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மிருக வைத்தியரிடம் கையிருப்பு இல்லையென்றால் எழுதித் தரச்சொல்லிப் பெரிய பாமசிகளில் கேட்டுப் பாருங்கள்.